சுவருக்குப் பத்து

கோத்தகிரிக்குக் கீழே இருக்கும் எங்கள் வீட்டின் கடைசி அறை, மாமனார் காலத்தில் மாட்டுக் கொட்டகை. மாடுகளை விற்றபின் தரையைச் சமன் செய்து படிக்கும் அறையாக்கினோம். அதன் பின்சுவர் இதுவரை மூன்று பூச்சைத் தின்றிருக்கிறது. ஐப்பசி மழை பிடித்தால் இடுப்பு உயரத்துக்கு ஈரம் கருத்து நிற்கும். தை வெயிலில் வெள்ளையாகப் பூத்து, பட்டியும் பெயிண்டும் செதில் செதிலாகக் கொட்டும்.

முதல் இரண்டு முறை, "ஓதம் டீச்சர், சிமெண்டில் மருந்து கலந்து பூசினால் நின்றுவிடும்" என்றார் மேஸ்திரி. மூன்றாம் முறை, "இது உப்பு, ஆசிட் விட்டுக் கழுவிவிடலாம்" என்றார். முப்பது ஆண்டுகள் வேதியியல் நடத்திய நானும் சரியென்று தலையாட்டினேன். அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன். ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுண்ணாம்பில் பட்டால் கால்சியம் குளோரைடு உண்டாகும். பீரோவில் ஈரம் உறிஞ்ச வைக்கிறோமே, அந்த டப்பாவில் இருப்பதும் அதே சரக்குதான். காற்றின் ஈரப்பதம் சுமார் 30 சதவீதம் தாண்டினாலே அது நீரைக் குடிக்க ஆரம்பித்துவிடும். எங்கள் ஊர் மூடுபனியைக் கேட்கவே வேண்டாம். சுவருக்கு நானே தாகம் ஏற்றிவிட்டிருந்தேன்.

சென்ற ஆண்டு அந்த வெள்ளைத் தூளைச் சுரண்டி, என் பழைய பள்ளியின் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். நீரில் கரைத்து வடிகட்டி, வெள்ளி நைட்ரேட் விட்டதும் தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு; அது குளோரைடு. அடுத்து நைட்ரேட்டைக் காட்டும் பழுப்பு வளையச் சோதனை: பாடப்புத்தகப் படம் போல அழகான வளையம். "இது என்ன உப்பு மிஸ்?" என்றாள் பக்கத்தில் நின்ற பிளஸ் டூ மாணவி. "மாட்டு மூத்திரம்" என்றேன். மண்ணில் ஊறிய யூரியாவை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக்குகின்றன. ஒரு காலத்தில் வெடிமருந்துக்கான வெடியுப்புக்கே இப்படிப்பட்ட கொட்டகை மண்ணைத்தான் தேடிப்போனார்கள்.

தை பிறந்ததும் வேலையைத் தொடங்கினோம். வெளிப்புறம் தரைமட்டம் உள்தரையைவிட ஓரடி மேலே இருந்தது. அதை வெட்டி இறக்கி, ஜல்லி போட்டு நீருக்கு வழிவிட்டோம். அது முடியாமல் உள்ளே கை வைப்பதே வீண். பிறகு கறை நின்ற கோட்டுக்கு மேலும் ஒன்றரை அடி வரை பூச்சைக் கொத்தி எடுத்து, செங்கல் இடுக்குகளில் இருந்த மண் சாந்தை விரல் நுனி ஆழத்துக்குச் சுரண்டச் சொன்னேன். சுத்தம் செய்ய உலர்ந்த தூரிகை மட்டும். தண்ணீர் பட்டால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். உதிர்ந்ததையெல்லாம் தார்ப்பாயில் அள்ளி அன்றன்றே அப்புறப்படுத்தினோம்.

அடுத்து நான் செய்ததைப் பார்த்து மேஸ்திரி சிரித்துவிட்டார். பழைய நோட்டுப் புத்தகங்களைப் பிடித்துவைத்த மழைநீரில் ஊறவைத்து அரைத்து, அந்தக் கூழை விரல் தடிமனுக்குச் சுவரில் அப்பினேன். "சுவருக்குப் பத்துப் போடுகிறீர்களா டீச்சர்?" என்றார். வீக்கத்துக்கு மருந்தை அரைத்து அப்புவோமே, அந்தப் பத்துதான். கூழின் நீர் சுவருக்குள் போய் உப்பைக் கரைக்கும். கூழ் காயும்போது அந்த நீர் உப்போடு வெளியே வந்து, உப்பைக் காகிதத்தில் விட்டுவிட்டு ஆவியாகும். மூன்று வாரம் கழித்து உரித்தால் காகிதத்தின் மேலே உறைபனி படிந்த புல் போல வெண்மை. இப்படி மூன்று முறை செய்தோம்.

உரித்த காகிதத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு கைப்பிடி ஊறவைத்துச் சோதித்தேன். முதல் முறை தயிராக விழுந்தது மூன்றாம் முறை நீர்மோராக மட்டும் கலங்கியது. பழுப்பு வளையமோ மெலிந்ததே தவிர மறையவில்லை. அப்பிய பத்து, சுவரின் மேல்தோலைத்தான் எட்டும். நடுவில் இருப்பது நடுவிலேயே இருக்கும். அதனால் சிமெண்டே வேண்டாம், ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல், மேலே வெள்ளையடிப்பு மட்டும் என்று முடிவு செய்தேன். மிச்ச உப்பு அந்தப் பூச்சுக்குள் வந்து தங்கட்டும். சில ஆண்டுகளில் அதைக் கொத்திவிட்டுப் புதிதாகப் பூசலாம், செங்கல் தப்பிக்கும். "கெட்டுப்போவதற்காக ஒரு பூச்சா?" என்று கேட்டுக்கொண்டேதான் மேஸ்திரி பங்குனிக் கடைசியில் பூசி முடித்தார்.

இப்போது கார்த்திகை. ஜன்னலுக்குக் கீழே சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓர் ஈரம். பென்சிலால் அதைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி வைத்திருக்கிறேன்.