சுருள் நானோகுழாய் உலை: பெங்களூரு மழைக்காலக் குறிப்புகள்

ஜூலை 8, 2024, திங்கள்

வேலை இதுதான்: கார்பன் நானோகுழாய்களைச் சுருளாக, வரிசையாக நிமிர்ந்து நிற்கும்படி வளர்ப்பது. முதலில் கரைசல் தயாரிப்பு. 50 மி.லி. சைலீன் கரைப்பானில் 4.9 கிராம் ஃபெரோசீன் (வினையூக்கியான இரும்பைத் தரும் சேர்மம்). கார்பனோடு ஒப்பிட்டால் இரும்பு 0.75 அணுச் சதவீதம். அதோடு 0.77 கிராம் இந்தியம் ஐசோப்ரொபாக்சைடு, அதாவது பத்து இரும்பு அணுவுக்கு ஓர் இந்தியம். இந்தியம் சேர்க்காவிட்டால் இதே உலையில் நேரான குழாய்தான் வளரும். இந்தியம் கார்பனோடு ஒட்டாத உலோகம். வினையூக்கித் துகளைச் சுற்றிக் கார்பன் ஒரே வேகத்தில் வெளிவராதபோது குழாய் வளைந்து சுருளாகிறது என்பது 1994இல் அமெலிங்க்ஸ் குழு தந்த விளக்கம்.

ஜூலை 9

முன்சூடு மண்டலம் 200 டிகிரி, வளர்ச்சி மண்டலம் 700. ஆர்கான் 800, அசிட்டிலீன் 50 எஸ்.சி.சி.எம். (திட்ட நிலையில் நிமிடத்துக்கு இத்தனை கன செ.மீ. வாயு). கரைசலை ஊசி வழியே உலைக்குள் தள்ளும் சிரிஞ்ச் பம்ப் மணிக்கு 1 மி.லி., ஒரு மணி நேரம். குழாய்கள் வளரும் தாங்குதளம் குவார்ட்ஸ் துண்டு. அசிட்டிலீன் பாதையில் செம்புக் குழாய் கூடவே கூடாது. உண்டாகும் அசிட்டிலைடு வெடிக்கும். எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சிலிண்டர் காலியாகும் நிலையில் இருந்தால் ஓட்டவே வேண்டாம்: அழுத்தம் இறங்க இறங்க, உள்ளே கரைப்பானாக இருக்கும் அசிட்டோனும் கூடவே வரும்.

ஜூலை 10

நாற்பது நிமிடத்தில் ஊசி அடைப்பு. கிடைத்த படலத்தில் எல்லாம் நேர்க்குழாய்.

அடைப்பின் நிறமே காரணத்தைச் சொல்லிவிடும். ஆரஞ்சு மஞ்சள் என்றால் ஃபெரோசீன்: ஊசிமுனை அதிகச் சூட்டில் இருக்கிறது, சைலீன் ஊசிக்குள்ளேயே ஆவியாகி ஃபெரோசீனை விட்டுப்போகிறது, முனையைப் பின்னுக்கு இழுத்தால் போதும். இன்று வந்தது வெள்ளை மாவு. ஐசோப்ரொபாக்சைடு ஈரத்தோடு வினைபுரிந்து ஹைட்ராக்சைடாகியிருக்கிறது. உலையில் எந்தக் குற்றமும் இல்லை. இந்த மழைக்காற்றில் புட்டியைத் திறந்து, ஆற அமர எடைபோட்டதுதான் தவறு. இந்தியம் ஊசியிலேயே தங்கிவிட்டால் குழாய் எப்படிச் சுருளும்?

ஜூலை 12

ஈரத்தை உறிஞ்சும் மூலக்கூறுச் சல்லடையை 300 டிகிரியில் இரவு முழுக்கச் சூடாக்கி, அதன்மேல் சைலீனை உலர்த்தியாயிற்று. எடைபோடுவது, கலப்பது, சிரிஞ்சில் ஏற்றுவது மூன்றும் ஆர்கான் நிரம்பிய, காற்றுப் புகாத கையுறைப் பெட்டிக்குள். கரைசல் தெளிவாக இருக்க வேண்டும். கொஞ்சம் கலங்கினாலும் கொட்டிவிடலாம், வடிகட்டிப் பயனில்லை. வடிதாளில் நிற்பதே நமக்கு வேண்டிய இந்தியம்தான்.

சுருள் வந்தது, பழைய தொலைபேசி ரிசீவர் வடம் போல. ஆனால் வரிசை இல்லை, சுத்த இடியாப்பச் சிக்கல்.

ஜூலை 15

வரிசை என்பது நெருக்கத்தால் வருவது. நாற்றங்காலில் நெருங்கி நிற்கும் நாற்று சாயாமல் மேலே போவதுபோல, பக்கத்துக் குழாய்கள் தாங்கினால்தான் இதுவும் நிமிரும். இந்தியத்தைக் கூட்டினால் சுருள் கூடும், நெருக்கம் குறையும் என்பது எங்கள் கணிப்பு. அதனால் விகிதத்தைத் தொடாமல் துண்டின் இடத்தை மாற்றினோம்.

இங்கே ஒரு பெங்களூரு விஷயம். கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவு. ஓட்டக் கட்டுப்பாட்டுக் கருவி நிறையைத்தான் அளக்கும். அதே 800 எஸ்.சி.சி.எம். இங்கே குழாய்க்குள் அதிகக் கன அளவு எடுத்து வேகமாக ஓடும். கடலோர ஊர்க்காரர் எழுதிய செய்முறையை அப்படியே போட்டால் வாயு சூட்டில் தங்கும் நேரம் பத்து சதவீதம் சுருங்கும், நல்ல படலம் விழும் இடமும் வாயு ஓடும் திசையில் தள்ளிப்போகும். நான்கு துண்டுகளை 3 செ.மீ. இடைவெளியில் வரிசையாக வைத்தோம். மூன்றாவதில் அடர்த்தியான, நிமிர்ந்த சுருள். முதல் துண்டில் கரி மட்டும்.

ஓட்டம் முடிந்ததும் முதலில் ஊசியையும் அசிட்டிலீனையும் நிறுத்தி, 150 டிகிரிக்குக் கீழே வரும்வரை ஆர்கான் மட்டும். அவசரப்பட்டுச் சூட்டோடு திறந்தால் காற்றில் குழாய்கள் எரிந்து, துரு நிறத் தூள்தான் மிஞ்சும்.

ஜூலை 16

மேலிருந்து பார்த்த எஸ்.ஈ.எம். (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படத்தை நம்ப வேண்டாம்; உச்சியில் எப்போதும் ஒரு சிக்கல் மேலாடை இருக்கும். துண்டை உடைத்து வெட்டுமுகத்தைச் சாய்த்துப் பார்த்தால்தான் வரிசை தெரியும். ராமன் ஒளிச்சிதறல் சோதனையில் 1350 செ.மீ⁻¹ அருகிலுள்ள, கார்பன் அமைப்பின் குறைகளைக் காட்டும் டி முகடு நேர்க்குழாயைவிட உயரம். வளைவுக்கு ஐங்கோண, எழுகோண வளையங்கள் வேண்டும். அவையும் குறைகளாகவே கணக்கில் வரும். அதைப் பார்த்து மாதிரியைக் கழிக்க வேண்டாம்.

அடுத்த ஓட்டத்தில் இந்தியத்துக்குப் பதில் வெள்ளீயம், அதே மோல் அளவில். துண்டு மூன்றாவது இடத்தில் மட்டும்.