கமாகுராவில் சரஸ்வதி: மணி, சுனை, தீவு

நவம்பர் 3 ஜப்பானில் பண்பாட்டு நாள், அரசு விடுமுறை. முன்பு மெய்ஜி பேரரசரின் பிறந்தநாளாக இருந்த தேதி. 1946-ல் இன்றைய அரசியல் சாசனத்தை அதே நாளில்தான் வெளியிட்டார்கள். 1948-ல் வந்த விடுமுறைச் சட்டம் அதைப் பண்பாட்டுக்கென்று ஒதுக்கிவிட்டது. கலைக்கும் கல்விக்கும் ஒரு நாள் என்றால் அன்று யாரைச் சேவிக்கப் போவது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. நம் சரஸ்வதிக்கு ஜப்பானில் பென்ஸைத்தென் என்று பெயர். மக்கள் வாயில் பென்தென்-சமா. புத்த சூத்திரங்களோடு சீனா வழியாக வந்து சேர்ந்து ஆயிரம் வருஷத்துக்கு மேலாகிறது. டோக்கியோவுக்குத் தெற்கே கமாகுராவில் தொடங்கி எனோஷிமா தீவு வரை, மலையும் ரயிலுமாக ஒரே நாளில் அவளுடைய சன்னிதிகளைப் பார்த்துவிடலாம். டோக்கியோவில் வேலை பார்க்கும் தம்பியின் மனைவி விடியற்காலையில் எழுந்து புளியோதரை கட்டிக் கொடுத்தாள். அதையும் ஒரு தண்ணீர்ப் பாட்டிலையும் முதுகுப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

யொக்கோசுகா ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் கித்தா கமாகுரா வந்துவிடுகிறது. இறங்கினால் எதிரிலேயே எங்காக்குஜி மடம். எதிரில் என்று சொல்வதுகூடச் சரியில்லை, தண்டவாளமே மடத்தின் நிலத்தை அறுத்துக்கொண்டுதான் போகிறது. அல்லிக்குளம் ஒரு பக்கம், வாசல் மறுபக்கம். மங்கோலியப் படையெடுப்பில் இறந்தவர்களுக்காக, அன்று கமாகுராவிலிருந்து நாட்டை ஆண்ட ஹோஜோ தோக்கிமுனே 1282-ல் எழுப்பிய மடம் இது. தன் பக்கத்து வீரர்களுக்கு மட்டுமல்ல, படையெடுத்து வந்து செத்தவர்களுக்கும் சேர்த்தே இங்கே பிரார்த்தனை.

பண்பாட்டு நாளை ஒட்டி ஒவ்வொரு வருஷமும் இந்த மடத்தின் பழைய சுருள் ஓவியங்களையும் எழுத்துகளையும் வெளியே எடுத்துக் காற்றாட வைக்கிறார்கள். கோடையின் ஈரம் போக வேண்டுமே. அதையே பொதுமக்கள் பார்வைக்கும் வைத்துவிடுகிறார்கள். புத்தரின் பல் இருப்பதாகச் சொல்லப்படும் ஷாரிதென் மண்டபத்தையும் அந்தச் சமயத்தில்தான் கிட்டே போய்ப் பார்க்க முடிகிறது. நல்ல கூட்டம். எனக்கு அவசரமாகப் பார்க்க வேண்டியிருந்தது வேறொன்று.

வலது பக்கம் செங்குத்தான படிகள் ஏறினால் 1301-ல் வார்த்த பெரிய வெண்கல மணி. இரண்டரை மீட்டருக்கும் மேல் உயரம். தோக்கிமுனேயின் மகன் சதாத்தோக்கி வார்க்கச் சொன்னது. வார்ப்பு திரும்பத் திரும்பக் கெட்டுப்போயிற்றாம். அவர் எனோஷிமா போய் பென்தென் சன்னிதியில் ஏழு நாள் தங்கி வேண்டினார். மடத்துக் குளத்தின் அடியைத் தூர்வாரிப் பார் என்று கனவில் உத்தரவு வந்தது. வாரியபோது உலோகக் கட்டி ஒன்று கிடைத்தது, அதையும் உருக்கிச் சேர்த்ததும் மணி அமைந்தது என்பது ஐதீகம். அந்த நன்றிக்குத்தான் மணியின் பக்கத்திலேயே பென்தெனுக்கு ஒரு சின்னக் கோயில். அறுபது வருஷத்துக்கு ஒரு முறை இந்த மணிக்கும் பென்தெனுக்கும் சேர்த்துத் திருவிழா; கடைசியாக 2023-ல் நடந்தது. நாதத்துக்கு அதிபதியானவளிடம் மணிக்காகப் போய் நின்றது எவ்வளவு பொருத்தம்! கோயிலின் கதவு சாத்தியிருந்தது. வாசலிலேயே கும்பிட்டேன்.

பக்கத்து ஜோச்சிஜி மடத்தின் ஓரமாகக் காட்டுப்பாதை ஆரம்பிக்கிறது. பெரிய மலை ஒன்றும் இல்லை. ஆனால் வேர்கள் பாதையெங்கும் புடைத்துக் கிடக்கின்றன, முந்தின நாள் மழையில் களிமண் வழுக்கியது. விடுமுறை ஆனதால் குழந்தைகள், எழுபது தாண்டிய தம்பதிகள், பையில் சலங்கை போல மணி கட்டியவர்கள் என்று எதிரும் புதிருமாகக் கூட்டம். குறுகிய இடத்தில் ஒருவர் ஒதுங்கி நிற்க, மற்றவர் தலை குனிந்து ஒரு வணக்கம் சொல்லிக் கடக்கிறார். கென்ஜியாமா பூங்காவில் உட்கார்ந்து புளியோதரையைப் பிரித்தேன். இந்தப் பக்கம் பருந்துகள் கையிலிருக்கும் சாப்பாட்டைக் கொத்திக்கொண்டு போய்விடும் என்பதால் மரத்தடியாகப் பார்த்து உட்காருவது நல்லது.

அங்கிருந்து கொஞ்ச தூரம் இறங்கினால் ஜெனியராய் பென்தென். இந்த நாளில் என் மனசு நிறைந்த இடம் இதுதான். பாறையைக் குடைந்த சுரங்கப் பாதை வழியாக உள்ளே போனால் நான்கு பக்கமும் பாறைச்சுவர் சூழ்ந்த ஒரு முற்றம், ஊதுவத்திப் புகை, ஒரு குகை, அதற்குள் சுனை. 1185-ல், அந்த ஊர்ப் பஞ்சாங்கப்படி பாம்பு வருஷம் பாம்பு மாதம் பாம்பு நாளில், கமாகுரா ஆட்சியை நிறுவிய மினாமோதோ யோரிதோமோவின் கனவில் இந்தச் சுனையைப் பற்றிய அருள்வாக்கு வந்ததாகச் சொல்கிறார்கள். இங்கே மூலத்தில் குடிகொண்டது உகாஜின், மனிதத் தலையோடு சுருண்ட பாம்பு உருவம். நாளடைவில் பென்தெனும் அதுவும் ஒன்றாகிவிட்டன. நம் சரஸ்வதிக்கு அன்னம் என்றால் இவளுக்கு வெள்ளைப் பாம்பு. பாம்பு வழிபாடு அந்த நாட்டில் வேறு இடங்களிலும் உண்டு. நாரா பக்கம் ஓமிவா கோயிலில் முட்டையும் சாக்கே மதுவும் படைக்கிறார்கள். புற்றுக்கு முட்டை வைக்கும் ஊரிலிருந்து போனவனுக்கு இதெல்லாம் அந்நியமாகவா இருக்கும்?

1257-ல் தோக்கிமுனேயின் அப்பா ஹோஜோ தோக்கியோரி இந்தச் சுனையில் காசைக் கழுவி வேண்டிக்கொண்டாராம். அன்றிலிருந்து அது வழக்கம். மெழுகுவத்தி, ஊதுவத்தி, சின்ன மூங்கில் கூடை மூன்றையும் வாங்கிக்கொள்ள வேண்டும். விளக்கேற்றி, வத்தி வைத்து, கும்பிட்டுவிட்டுக் குகைக்குள் போய்க் கூடையில் காசைப் போட்டு, அகப்பையால் சுனைநீரை மொண்டு ஊற்ற வேண்டும். நான் ஓர் ஆயிரம் யென் நோட்டை முழுசாக நனைக்கப் போனேன். பக்கத்திலிருந்த பாட்டி சட்டென்று கையை நீட்டித் தடுத்து, தன் நோட்டின் ஒரு மூலையில் மட்டும் மூன்று சொட்டு விட்டுக் காட்டினார். பிறகு கைக்குட்டையில் ஒற்றி எடுத்து, அந்த ஈரத்தோடு பர்ஸில் வைக்காமல் புகை வரும் பக்கம் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். நானும் அப்படியே செய்தேன். கழுவிய பணத்தைப் பூட்டி வைக்கக்கூடாது, நல்ல காரியத்துக்குச் செலவழித்தால்தான் பெருகித் திரும்பும் என்பது நம்பிக்கை.

சரஸ்வதி இருக்கும் வீட்டில் லட்சுமி தங்கமாட்டாள், மாமியாரும் மருமகளும் அல்லவா என்று நம் ஊரில் கிண்டலாகச் சொல்வார்கள். ஜப்பானியர்கள் அந்த வம்பே வேண்டாம் என்று வித்தையையும் செல்வத்தையும் ஒருத்தியிடமே ஒப்படைத்துவிட்டார்கள். பக்தி குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பரீட்சைக்கு வேண்டிக்கொள்கிறவர்கள் சம்பளத்துக்கும் வேண்டிக்கொள்ளத்தானே செய்வார்கள்.

கமாகுரா பெரிய புத்தரைச் சுருக்கமாகவே சொல்கிறேன், அவரைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. 1252-ல் வேலை தொடங்கிய அமிதா புத்தர், 11 மீட்டருக்கு மேல் உயரம், 121 டன். மேலே இருந்த மண்டபம் போய்விட்டது. வெயிலும் மழையும் வாங்கிக்கொண்டு வெட்டவெளியில் இருக்கிறார். முன்னால் போய் நின்றால் அவர் கொஞ்சம் குனிந்து நம்மைப் பார்ப்பது போலவே இருக்கிறது. அங்கே செல்ஃபி கூட்டத்தில் நிம்மதியாகக் கும்பிட இடம் கிடைக்கவில்லை, பக்கவாட்டில் போய் நின்றேன்.

ஹாசே நிலையத்தில் எனோதென் ரயிலுக்கு நீண்ட வரிசை. பத்தே கிலோமீட்டர் ஓடும் ஒற்றைத் தடம். வீட்டுக் கொடியில் காயும் துணியைத் தொட்டுவிடும் நெருக்கத்தில் போய், சட்டென்று கடற்கரைக்கு வந்து, கொஷிகோயேயில் காரும் சைக்கிளும் ஓடும் தெருவிலேயே இறங்கி ஓடுகிறது. கூட்டத்தில் நசுங்கினாலும் கடல் பக்கம் நிற்பதே நல்லது.

எனோஷிமாவுக்குப் பாலத்தில் நடந்தே போகலாம். 1868-க்குப் பிறகு புத்தத்தையும் ஜப்பானின் சொந்த வழிபாட்டு மரபான ஷிந்தோவையும் அரசு பிரித்தபோது இங்கிருந்த மடம் ஷிந்தோ கோயிலாக மாறி, மூன்று கடல் தேவியர் அதிகாரபூர்வ தெய்வங்களானார்கள். சட்டம் மாறினாலும் வேண்டுதல் மாறவில்லை, இப்போதும் வருகிறவர்கள் பென்தென்-சமாவையே தேடி வருகிறார்கள். படியேறினால் முதலில் ஹெத்சுமியா சன்னிதி, பக்கத்தில் எண்கோண மண்டபம். நுழைவுச்சீட்டுக்குக் கழுவிய நோட்டைத்தான் நீட்டினேன்.

உள்ளே இரண்டு பென்தென். ஒருத்திக்கு எட்டுக் கைகள். வாளும் வில்லும் அம்பும் ஏந்தியிருக்கிறாள். யோரிதோமோ தன் எதிரியை வெல்ல வேண்டி 1182-ல் இவளை இங்கே எழுந்தருளச் செய்தார் என்கிறார்கள். நமக்குப் பார்த்ததும் துர்க்கை நினைவு வரும். இன்னொருத்தி வெள்ளைத் திருமேனி, ஆடையில்லாமல் அமர்ந்து பிவா வாசிக்கும் கோலம். பிவா நம் வீணைக்கு ஜப்பானிய உறவு. பாட்டுக்காரர்களும் ஆட்டக்காரர்களும் காலங்காலமாக இவளிடம்தான் வருகிறார்கள். தந்தி மீட்டும் கையின் வளைவைப் பார்த்துக்கொண்டே மனதுக்குள் அம்மா சொல்லிக்கொடுத்த துதியைச் சொல்லி முடித்தேன். நெற்றியில் இட விபூதியோ குங்குமமோ இங்கே கிடையாது. அது ஒன்றுதான் குறை.

இறங்கும் வழியில் ஒரு கல் இருக்கிறது. பார்வையில்லாத சுகியாமா வாயிச்சி என்ற அக்குபங்சர் வைத்தியர் 17-ஆம் நூற்றாண்டில் இந்தத் தீவின் குகையில் விரதம் இருந்துவிட்டுத் திரும்பும்போது இதில் தடுக்கி விழுந்தார். கையில் ஏதோ குத்தியது: சுருண்ட இலைக்குள் ஒரு பைன் ஊசி. ஊசியைக் குழாய்க்குள் வைத்து வலிக்காமல் செருகும் முறை அவருக்கு அங்கே தோன்றியது என்பது கதை. அந்த முறை இன்றும் நடைமுறையில் இருக்கிறது. கல்லைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

தீவின் மறுகோடியில் அலை மோதும் பாறையில் இவாயா குகைகள். வழிபாடு முதலில் தொடங்கியது இங்கேதான் என்கிறார்கள். கையில் ஒரு மெழுகுவத்தியைக் கொடுத்து உள்ளே விடுகிறார்கள். சுருக்கப் போய்விட வேண்டும், நவம்பரில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது. ஜப்பானின் மூன்று பெரிய பென்தென் தலங்களில் எனோஷிமா ஒன்று. ஹிரோஷிமா பக்கம் இத்சுகுஷிமாவும் பிவா ஏரியில் சிக்குபுஷிமா தீவும் பாக்கி. சிக்குபுஷிமாவுக்குப் படகில்தான் போக வேண்டும், குளிர்காலத்தில் படகுகள் குறைவு. வசந்த விடுமுறையில் போகலாம் என்று தம்பி அன்றிரவே அட்டவணையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.