ஐந்தாவது ஈட்டில் பாகு பிடிபட்டது

நேற்று சாயங்காலம் என் வீட்டுக் கடலை மிட்டாய் 'டக்'கென்று உடைந்தது. நாலு ஈடு வீணான பிறகு இது ஐந்தாவது. கோவில்பட்டியில் இருந்துகொண்டு இதை வீட்டில் செய்வானேன் என்று எல்லோரும் கேட்கிறார்கள். பத்து நிமிடம் நடந்தால் கடை இருக்கிறது, உண்மைதான். 2020-ல் எங்கள் ஊர் மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோதே, இதை ஒருமுறையாவது என் கையால் சரியாகச் செய்துவிட வேண்டும் என்று நினைத்தேன். இத்தனை வருடம் கழித்துத்தான் கை வைத்திருக்கிறேன்.

கடலை வறுப்பதில் சிக்கல் இல்லை. இரும்புச் சட்டியில் மணல் போட்டு வறுத்து, தேய்த்து, சுளகில் புடைத்தால் பருப்பு இரண்டாக உடைந்து பளபளவென்று வந்துவிடுகிறது. அரைக் கிலோ வறுத்தால் தோல் போக 450 கிராம் வரை நிற்கும். அதற்கு 350 கிராம் வெல்லம்.

எல்லாப் பாடும் பாகில்தான். உருட்டுப் பதம் யாருக்கும் வந்துவிடும், அதிரசத்துக்கும் பொரி உருண்டைக்கும் பிடித்த கைதானே. கடலை மிட்டாய்க்கு அதைத் தாண்டிப் போக வேண்டும். தண்ணீரில் விட்ட சொட்டு உருள்வது போதாது. எடுத்து எவர்சில்வர் தட்டில் போட்டால் கல் விழுந்த மாதிரி 'டங்' என்று கேட்க வேண்டும், ஒடித்தால் வளையாமல் முறிய வேண்டும். உருள்வதற்கும் முறிவதற்கும் நடுவில் ஒரு பதம் இருக்கிறது. சத்தம் லேசாக வரும், ஆனால் கடித்தால் பல்லில் அப்பிக்கொள்ளும். என் முதல் இரண்டு ஈடும் அங்கேதான் ஏமாந்தன. கார்த்திகை மழை வேறு. தட்டில் கெட்டியாக இருந்தது மறுநாள் காலையில் டப்பாவுக்குள் கசிந்து ஒரே கட்டியாகக் கிடந்தது.

மூன்றாவது ஈட்டுக்குத் தெர்மாமீட்டர் வாங்கினேன். சர்க்கரைப் பாகு முறியும் பதத்துக்கு 146-லிருந்து 154 டிகிரி செல்சியஸ் என்பது கணக்கு. 350 கிராம் வெல்லம் அகலமான சட்டியில் விரலளவு உயரம்கூட நிற்காது. முனை பாகில் முழுகாமல் அடிச்சட்டியைத் தொட்டு, சட்டியின் சூட்டைக் காட்டியது. அதை நம்பிச் சீக்கிரமே இறக்கிவிட்டேன், மறுபடியும் சவ்வு. நாலாவதில் பதம் பார்க்கும் நேரத்தில் அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது. சொட்டு தண்ணீரில் ஆறி, நான் எடுத்து ஒடித்துப் பார்ப்பதற்குள் சட்டியில் கருகல் வாடை. வெல்லம் சீனி மாதிரி பொறுத்துக்கொள்ளாது.

இந்த முறை மாற்றியது இரண்டே விஷயம். ஒன்று, ஒவ்வொரு முறை பதம் பார்க்கும்போதும் அடுப்பை அணைத்தேன். ஏழு முறை அணைத்து ஏற்றினேன். இரும்புச் சட்டி அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் காய்ச்சிக்கொண்டே இருக்கும், அதனால் முழு 'டங்' வரும் வரை எரியவிடாமல் ஒரு மூச்சுக்கு முன்னாலேயே நிறுத்தினேன். இரண்டாவது, பருப்பைப் பக்கத்து அடுப்பில் தோசைக்கல் மேல் சூடாகவே வைத்திருந்தேன். இது பக்கத்து வீட்டு ஆச்சி சொன்னது. "ஆறுன பருப்பப் போட்டா பாகு வெரச்சுப் போகும்ல, பெறகு எப்படித் தேய்ப்ப?" என்றார்கள். சூடான பருப்பில் பாகு ஓடி ஓடிப் பரவியதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷம்.

வெல்லம் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். முதலில் வாங்கியது பளீர் மஞ்சள். கொதித்தபோது அழுக்கு நுரை கட்டியது, வாயில் உப்புக் கரித்தது. எந்தக் கடை என்பது வேண்டாம். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். இப்போது வாங்குவது தேனிப் பக்கத்திலிருந்து வரும் அச்சு வெல்லம். கறுப்பாக, உலர்வாக, உடைத்தால் உள்ளே மணல் மணலாக இருக்கிறது. கசிந்த பழைய வெல்லத்தில் எத்தனை நேரம் காய்ச்சினாலும் பாகு சரியாக இறுகாது.

உடன்குடிக் கருப்பட்டி அரைக் கிலோ வந்து இறங்கியிருக்கிறது, அடுத்தது அதில்தான். கூடவே எள்ளும் கொஞ்சம் சேர்த்துப் பார்க்க ஆசை. கருப்பட்டியில் மண் அதிகம், கரைத்து இரண்டு தரம் வடிகட்ட வேண்டும். அதற்கு மெல்லிய மல் துணி எடுத்து வைத்துவிட்டேன்.

அதற்கு முன்னால் வெட்டும் வேலை பாக்கி இருக்கிறது. நெய் தடவிய பலகையில் பூரிக்கட்டையால் தேய்த்ததில் நடுவில் மெலிந்து ஓரத்தில் தடித்துவிட்டது. கத்தி வைப்பதற்குள் ஆறிப்போய், பாதி சதுரம், பாதி சில்லு. மேலே தூவிய கொப்பரைத் துருவலும் ஒட்டாமல் உதிர்கிறது, பாகு ஈரமாக இருக்கும்போதே தூவியிருக்க வேண்டும். தச்சரிடம் நாலு பக்கமும் அரை அங்குலச் சட்டம் வைத்த பலகை ஒன்று சொல்லியிருக்கிறேன். வியாழக்கிழமை தருவதாகச் சொன்னார். சில்லுகளை ஆச்சி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன், சம்புடம் காலியாகத் திரும்பி வந்துவிட்டது.