மச்சாளுக்கு ஒரு லிஸ்ட்

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பால் கிழக்குப் பக்கம்தான் சரிந்தது. சந்தோஷப்பட்டுக்கொண்டு நிற்க, இவர் குசினி வாசலுக்கு வந்து, "மண்ணெண்ணெய் மணக்குது" என்றார்.

எங்கள் வீட்டில் கரண்ட் அடுப்பு.

ஜனவரி 16, வியாழன்

டொரன்டோ மச்சாள் முழங்கால் ஒப்பரேசன் முடிந்து கட்டிலோடு இருக்கிறா. சீரியல் பார்த்து அலுத்துவிட்டதாம். "நீர் எப்ப பாத்தாலும் சொல்லுற அந்தப் பழைய வெள்ளைக்காரப் படங்களில நல்லதாப் பாத்து ஒரு லிஸ்ட் அனுப்பும்" என்று வாட்ஸ்அப்பில் குரல் வந்தது. எனக்கும் இந்த நாட்களில் கைக்கு ஒரு வேலை வேண்டும். நிபந்தனை இரண்டு போட்டேன். கதையை முன்கூட்டியே தேடிப் பார்க்கக் கூடாது. பாதியில் நிப்பாட்டக் கூடாது.

முதலாவதாக 'த லேடிகில்லர்ஸ்', 1955. எங்கள் ஈலிங்கில் செய்த படம். வால்போல் பூங்காவுக்குப் பக்கத்தில் அந்த ஸ்ரூடியோவின் வெள்ளைக் கட்டடம் இன்னும் நிற்கிறது. வந்த புதிதில் மூன்று வருசம் அதைத் தபால் கந்தோர் என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

ஐந்து கள்ளர், வாத்தியக்காரர் வேஷத்தில், கிங்ஸ் க்ரொஸ் பக்கம் ஒரு கிழவி வீட்டில் அறை எடுக்கிறார்கள். கிராமபோனில் பொக்கரீனி ஓடும், கள்ளர் கொள்ளைக்குக் கணக்குப் போடுவார்கள், கிழவி ஒருக்கா ஒருக்கா வந்து தேத்தண்ணி வேணுமோ என்று கதவைத் தட்டுவா. எங்கள் பெரியம்மாவேதான். அலெக் கின்னஸ் பொய்ப்பல் வைத்துக்கொண்டு என்னவெல்லாமோ செய்தும், அந்த வருசத்து பிரிட்டிஷ் அக்கடமி விருது கிழவியாக வந்த கேட்டி ஜோன்சனுக்குத்தான் போனது. எழுபது தாண்டிய மனுசி.

நான் இந்த ஊர் ஆங்கிலம் படித்ததே இந்தப் படங்களில்தான். மகள் கைக்குழந்தை. சானல் 4இல் மத்தியானங்களில் கறுப்பு வெள்ளைப் படம் போடுவான். இவர் இரவு முழுக்கப் பெற்றோல் செட்டில் நின்றுவிட்டு வந்து படுத்திருப்பார். சத்தத்தைக் குறைத்து, வாயைப் பார்த்தே வசனம் பிடித்தேன். பஸ் சாரதியிடம் "ஐ ஆம் மோஸ்ட் ஃப்ரைட்ஃபுலி சொறி" என்றேன் என்று மகள் இன்றைக்கும் பகிடி பண்ணுவாள்.

பெற்றோல் மணத்தைத்தான் மண்ணெண்ணெய் என்கிறாரோ என்று முதலில் கேட்டுப் பார்த்தேன். கோபம் வந்துவிட்டது. இது மண்ணெண்ணெய்தானாம். ஜாம் போத்தல் விளக்கு அணைந்தவுடன் வருமே, அந்த மணமாம்.

ஜனவரி 19, ஞாயிறு

விடிய முதலே காற்று. வேலிப் பலகை ஒன்று ஆடிக்கொண்டே இருக்கிறது.

மச்சாளுக்கு இன்றைக்கு 'ஐ நோ வேர் ஐம் கோயிங்', 1945. பவலும் பிரெஸ்பேர்கரும் சேர்ந்து செய்தது. ஒரு பிடிவாதக்காரி பணக்கார மாப்பிள்ளையைக் கட்ட ஸ்கொட்லாந்துத் தீவு ஒன்றுக்குப் புறப்படுகிறாள். மல் தீவு வரைக்கும் வந்தாயிற்று, அங்கிருந்து ஒரு படகுப் பயணம்தான் மிச்சம். படகு போகாது. முதலில் பனிமூட்டம். படுக்கும்போது கூரை மரங்களை எண்ணிவிட்டு வேண்டினால் பலிக்கும் என்று சொல்ல, எண்ணுகிறாள். மூட்டம் கலையக் காற்று கேட்டாள். காற்று வந்தது, படகைப் புரட்டுகிற அளவுக்கு.

எங்கள் அறைக் கூரையில் மரம் இல்லை. திரைச்சீலை வளையங்களை எண்ணினேன். இருபத்திரண்டு.

இதில் கதாநாயகன் ரொஜர் லிவ்சி அந்தத் தீவில் காலே வைக்கவில்லை. லண்டனில் அவருக்கு மேடை நாடகம். தூரத்தில் நடப்பது வேறு ஆள், முகம் தெரிகிற இடமெல்லாம் ஸ்ரூடியோ. எத்தனை தரம் உற்றுப் பார்த்தும் தைத்த இடம் எனக்குத் தெரியவில்லை.

இந்தப் படமே காத்திருந்த நேரத்தில் செய்ததுதான். அவர்கள் எடுக்க இருந்தது வேறொன்று. யுத்த காலம், அதற்கு ரெக்னிக்கலர் கிடைக்கவில்லை. சும்மா இருப்பானேன் என்று இதை எடுத்தார்கள். அந்த வேறொன்றின் பெயரை மச்சாளுக்கு எழுதவில்லை.

ஜனவரி 21, செவ்வாய்

கடுதாசி வரவில்லை.

ஜனவரி 22, புதன்

பீட்சாக் கடை விளம்பரம் இரண்டு. கடுதாசி இல்லை.

ஜனவரி 25, சனி

சிரித்துச் சிரித்துத் தையல் நோகுதாம் மச்சாளுக்கு. 'லேடிகில்லர்ஸ்' கிழவி வளர்க்கிற கிளிக்குத்தான் விருது குடுத்திருக்க வேணும் என்கிறா.

அடுத்தது 'ப்ரீஃப் என்கவுண்டர்', 1945, டேவிட் லீன். கலியாணம் கட்டின இரண்டு பேர், ஆளுக்கொரு குடும்பம், வியாழக்கிழமைகளில் ஒரு ரயில் நிலையம். கண்ணில் விழுந்த தூசியில் தொடங்குகிறது. பெரிதாக ஒன்றும் நடக்காது. ரக்மானினோவின் பியானோ மட்டும் அவர்களுக்குப் பதிலாக அழுதுகொண்டிருக்கும். லண்டன் பக்கம் குண்டுப் பயம் என்று வடக்கே லங்காஷயரில், கார்ன்ஃபோர்த் நிலையத்தில், 1945 பெப்ரவரிக் குளிரில் இரவிரவாக எடுத்தார்கள். எண்பது வருசமாகப் போகிறது.

லேக் டிஸ்ரிக் போன முறை வழியில் அங்கே இறங்கினோம். படத்தில் வருகிற பெரிய மணிக்கூடு பிளாட்போமில் தொங்குகிறது. நான் கீழே நின்று கண் கலங்க, இவர் தன் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நாலு நிமிசம் பிந்துது" என்றார். இவருடைய மணிக்கூடுதான் எப்போதும் முந்தி ஓடும். முப்பது வருசச் சண்டை அது.

இவருக்கு அந்தப் படத்தில் பிடித்த ஆள், வீட்டில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிற புருசன். "அவனை எல்லாரும் மடையன் எண்டு நினைக்கினம். அவனுக்கு எல்லாம் தெரியும்."

ஜனவரி 27, திங்கள்

இடியப்பம் எடுத்த கை அப்படியே நின்றது. கூப்பிட்டேன். வாய் மட்டும் எதையோ மெல்வது மாதிரி அசைந்தது. ஒரு நிமிசம் இருக்கும், சிலவேளை அவ்வளவும் இல்லை. பிறகு, "சம்பல் எங்க?" என்று கேட்டார்.

அந்தப் படத்தின் கடைசியில் புருசன் சொல்வான், நீ வெகு தூரம் போயிருந்தாய், என்னிடம் திரும்பி வந்ததுக்கு நன்றி என்று.

சம்பல் கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளி வைத்தேன்.

ஜனவரி 30, வியாழன்

மறுபடி ஸ்கான். வந்து களைத்துப்போய் இருந்தோம். பெட்டியில் கைக்கு வந்ததைப் போட்டேன், 'க்ரீன் ஃபோர் டேஞ்சர்', 1946. அலஸ்டர் சிம்மின் முகத்தைப் பார்த்தால் மனம் லேசாகும் என்ற ஒரே நினைப்பு. யுத்த கால ஆஸ்பத்திரி, ஒப்பரேசன் மேசையில் மயக்க மருந்து குடுத்த ஆள் எழும்பாமல் போகிறான், அதில்தான் கதையே தொடங்குகிறது என்பதை எப்படி மறந்தேன்? விசர் எனக்கு. ரிமோட்டைத் தேடினால் இவர் அதற்கு மேல் இருக்கிறார்.

"விடும், பாப்பம்."

முழுக்கப் பார்த்தோம். அரை மணியில் கொலைகாரரைப் பிடித்துவிட்டதாகச் சொன்னார். பிழையான ஆள்.

பெப்ரவரி 2, ஞாயிறு

மச்சாளின் மனுசன் கேட்டாராம், க்வாய் பாலத்தை ஏன் போடவில்லை, கித்துல்கலையில் எடுத்ததல்லோ, எங்கட நாட்டுப் படமல்லோ என்று. எடுத்ததுதான். 1957இல் வந்தது. களனி கங்கைக்கு மேலே உண்மையான பாலம் கட்டி, உண்மையான ரயிலை ஓட விட்டு வெடி வைத்தார்கள். கின்னஸ் தண்டனைக் கூண்டிலிருந்து வெளியே வந்து நடக்கிற நடைக்காகவே நாலு தரம் பார்த்திருக்கிறேன்.

அப்பப்பா மலாயா ரயில்வேயில் கிளாக். அந்தப் படத்தில் வருகிற சயாம் தண்டவாளத்தைப் போட யப்பான்காரன் தோட்டத்துத் தமிழ்ச் சனத்தை ஏற்றிக்கொண்டு போனதைக் கண்ணால் கண்டவர். ஆயிரமாயிரமாகச் செத்தார்கள். படத்தை ஊரே பார்க்க, அவர் பார்க்கவில்லை. படத்துப் பாலத்தில் எங்கள் ஆட்கள் ஒருவரும் இல்லை. நல்ல படம். லிஸ்டில் போட மாட்டேன்.

'பிளாக் நார்சிசஸ்' மட்டும் போட்டேன். அதில் இமயமலை பின்வுட் ஸ்ரூடியோவுக்குள், கண்ணாடியிலும் சீலையிலும் கீறினது. ஜீன் சிமன்ஸுக்கு மண்ணிறம் பூசி மூக்குத்தி போட்டு இந்தியப் பெட்டை ஆக்கியிருக்கிறார்கள். அதைப் போட்டால் இதை ஏன் போடவில்லை என்று ஒருவரும் என்னைக் கேட்க வேண்டாம்.

பெப்ரவரி 4, செவ்வாய்

வந்தது. பன்னிரண்டாம் திகதி, காலை ஏழு மணி. இரண்டாவது பக்கத்தில் என்னென்ன நடக்கலாம் என்று பதினொரு வரி. இவரிடம் முதல் பக்கத்தை மட்டும் நீட்டினேன். இரண்டாவது எங்கே என்று கேட்கவில்லை. கடுதாசியை வாசலில் எடுத்தவரே இவர்தான் என்பது இரவுதான் எனக்கு உறைத்தது.

பெப்ரவரி 6, வியாழன்

நித்திரை வரவில்லை. எழுதியே விடுகிறேன்.

'எ மேட்டர் ஒஃப் லைஃப் அண்ட் டெத்', 1946. ரெக்னிக்கலருக்குக் காத்திருந்தார்களே, அந்தப் படம். டேவிட் நிவன் விமானி. எரிகிற விமானத்திலிருந்து பரசூட் இல்லாமல் குதிக்கிறான். சாக வேண்டியவன் சாகவில்லை. மேலுலகக் கணக்கில் ஒரு தலை குறைகிறது, கூட்டிப் போக ஆள் வருகிறான். யாரும் செய்வதற்கு மாறாகச் செய்தார்கள்: பூமி வண்ணத்தில், மேலுலகம் கறுப்பு வெள்ளையில். வந்த ஆள் பூக்களைப் பார்த்துவிட்டு, மேலே நாங்கள் ரெக்னிக்கலருக்குக் காய்ந்துபோய் இருக்கிறோம் என்பான். 106 படி உள்ள நகரும் படிக்கட்டு, உண்மையாகவே கட்டி மோட்டரில் ஓட விட்டது. கண்டவர் நிண்டவருக்கெல்லாம் இதைச் சொல்லித் திரிந்தவள் நான். எந்த லிஸ்டிலும் இதுதான் முதலாவதாக இருக்கும்.

அந்த ஆள் வர முதல் நிவனுக்கு மணம் வரும். வெங்காயம் பொரிக்கிற மணம். அங்கே வெங்காயமும் இல்லை, அடுப்பும் இல்லை. டொக்டராக வருகிற லிவ்சி (அதே லிவ்சிதான்) அதைக் கேட்டவுடன், தலைக்குள் என்ன என்று விளங்கிக்கொள்வார்.

ஒக்ரோபரில், பஸ் தரிப்பில் நிற்கும்போது, இவர் முதல் தரம் மண்ணெண்ணெய் என்றார். எனக்கு அந்த இடத்திலேயே கால் நடுங்கியது. டொக்டர் பிறகு கேட்டா, மணத்தைப் பற்றிச் சொல்ல வேணும் என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று. ஒரு படம் பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சும்மா, என்றேன்.

லிவ்சி மோட்டார்சைக்கிளில் போகிற இடமும் அதில் இருக்கிறது. ஒப்பரேசனுக்கு முதல். அதை நினைத்துத்தான் டிவிடியை அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்தேன்.

பெப்ரவரி 9, ஞாயிறு

மச்சாள்: "பதினொண்டில நிக்குது லிஸ்ட். பன்னிரண்டாக்கி விடுமன்."

பன்னிரண்டு என்ற எண்ணே எனக்கு வேண்டாம். பதில் போடவில்லை.

பெப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். மகள் வந்துவிட்டாள். மூன்று பேருமாகக் கனகதுர்க்கை அம்மனிடம் போய் வந்தோம். இவருக்கு மொட்டை போட்டது மாதிரித் தெரிய வேண்டாம் என்று மகள் தொப்பி வாங்கி வந்திருக்கிறாள், இன்னும் ஒரு மயிரும் வெட்டவில்லை.

நான் கால் கழுவிக்கொண்டு வர, சோறு போடுவம் என்று இவர் குசினிக்குள் போயிருக்கிறார். முப்பது வருசத்தில் அரிசி வாளியைத் தொடாத மனுசன். கையில் டிவிடியோடு வந்தார்.

"இது ஏன் அரிசிக்குள்ள?"

என்ன சொல்ல? போடச் சொன்னார். போட்டேன். நிவன் மூக்கைச் சுழிக்கிற இடம் வந்தது. நான் ரீவியைப் பார்க்கவில்லை, இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு வயிறு குலுங்கத் தொடங்கியது.

"அவனுக்கு வெங்காயம், எனக்கு மண்ணெண்ணெய். ஊரில பொருளாதாரத் தடை நேரம் ஒரு போத்தலுக்கு எவ்வளவு அலைஞ்சம், இப்ப சும்மா தருகினம்."

மகளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள்.

மோட்டார்சைக்கிள் வந்தபோது இவர் என் கையைப் பிடித்தார். எனக்காகவா தனக்காகவா தெரியாது. பிறகு நிவனை ஒப்பரேசன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். படுத்திருக்கிறவனின் கண்ணுக்குள் இருந்து நாங்கள் பார்க்கிறோம். பெரிய இமை ஒன்று மேலிருந்து இறங்கி மூடுகிறது.

"நிப்பாட்டும். மிச்சத்தை வந்து பாப்பம்."

பெப்ரவரி 12, புதன்

5.20. அவருக்கு ஒன்றும் குடிக்கக் கூடாது, நானும் தேத்தண்ணி போடவில்லை. மணிக்கூட்டைக் கழற்றி என் கையில் தந்தார். நாலு நிமிசம் முந்தித்தான் ஓடுகிறது. மகள் டிவிடி பெட்டியை நிப்பாட்டப் போனாள், வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன். டாக்சிக்காரன் கோன் அடிக்கிறான்