இரண்டு யானை

மறைந்த எங்கள் அப்பா, கோலாலம்பூர் செந்தூலில் நம் பள்ளியில் படித்த உங்களுக்கு சார். எங்கள் மூவருக்கும் வீட்டில் அப்பா, பள்ளி வாசலைத் தாண்டினால் சார். ஒருநாள் மறந்துபோய் வகுப்பில் "அப்பா" என்று கூப்பிட்டுவிட்டேன். திட்டவில்லை. காதில் விழாதவர்போல் கரும்பலகையில் எழுதிக்கொண்டே இருந்தார். "சார்" என்றதும்தான் திரும்பினார். அக்காவுக்கும் தம்பிக்கும் இதே அனுபவம் உண்டு. அப்பாவின் இந்த நினைவு மலருக்கு நான் எழுதக் காரணம் தம்பி. "கடைசிவரை பக்கத்துல இருந்தது நீதானக்கா, நீயே எழுது" என்று ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து போன் போட்டுச் சொன்னான்.

அப்பா பிறந்தது கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். தாத்தாவும் பாட்டியும் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்காக 'தமிழ் எங்கள் உயிர்' என்று 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி நிதி திரட்டியபோது தாத்தாவும் ஒரு வெள்ளி (டாலர்) கொடுத்தாராம். 1966 ஏப்ரலில் தனிநாயகம் அடிகளாரின் முயற்சியால் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. அப்பா அப்போது பயிற்சி ஆசிரியர். இரவல் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "எங்கப்பா கொடுத்த ஒரு வெள்ளி வட்டியோட திரும்பி வந்துச்சும்மா" என்பார். சொல்லும்போதெல்லாம் குரல் தழுதழுக்கும்.

பள்ளியில் தமிழ்த் தட்டச்சு இயந்திரம் கிடையாது. தேர்வு வந்தால் வெள்ளிக்கிழமை இரவு சாப்பாட்டு மேசையில் ஸ்டென்சில் தாளை விரித்து, ஊசிமுனைப் பேனாவால் எழுத்து எழுத்தாகக் கீறுவார். அழுத்தினால் தாள் கிழிந்துவிடும், அழுத்தாவிட்டால் மை இறங்காது. அந்தக் கீறல் சத்தத்தைக் கேட்டபடியே எத்தனையோ இரவு தூங்கியிருக்கிறேன். மறுநாள் பள்ளி அலுவலகத்தில் நகல் எடுக்கும் சைக்ளோஸ்டைல் இயந்திரத்தின் கைப்பிடியை அக்கா சுற்றுவாள். தம்பி தாளைத் தட்டி அடுக்கிக் கொடுப்பான். ஈர மை ஒட்டிக்கொள்ளாமல் இடையிடையே பழைய தமிழ் நேசன் நாளிதழ்த் தாளைச் செருகுவது என் வேலை.

பாடநூல்களில் சீர்திருத்த எழுத்து வந்திருந்த சமயம் அது. தமிழ்நாட்டில் 1978-இல் ஆணை வந்து, பிறகு நமக்கும் வந்தது. பழைய ணை, லை, ளை, னை நான்குக்கும் முன்னால் தும்பிக்கைபோல் ஒரு வளைவு இருக்கும். அப்பாவின் கை அதிலேயே ஊறியது. ஒரு சனிக்கிழமை இரண்டாம் வகுப்புத் தாள், 86 படிகளும் அடித்தாயிற்று. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். யானைப் படத்துக்குக் கீழே 'யானை', தும்பிக்கை வைத்த பழைய னை.

"அதுவும் யானைதானேப்பா" என்றாள் அக்கா.

"உனக்கு யானை. எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு அது என்ன எழுத்துன்னே தெரியாது. சொல்லிக் கொடுக்காததைக் கேட்டுட்டு மார்க்கைக் குறைக்க நான் யாரு?"

வேறு ஸ்டென்சில் கைவசம் இல்லை. பிளேடால் அந்த ஓர் எழுத்தை மட்டும் சுரண்டி, கறுப்புப் பேனாவால் புதிய னை எழுதினோம், 86 தாளிலும். பள்ளிவாசலில் மாலைத் தொழுகைக்கு அழைக்கும் வரை உட்கார்ந்திருந்தோம். என் பிளேடு ஒரு தாளைக் கிழித்துவிட்டது. அப்பா ஒன்றும் சொல்லாமல் அந்தத் தாள் முழுவதையும் கையாலேயே எழுதினார், படம் உட்பட.

அக்கா தாதியாக வேலை பார்த்தவள். அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து உட்கார்ந்திருந்தபோது சொன்னாள்: "மருந்துச் சீட்டுல ஓர் எழுத்து புரியலைன்னாலும் நடுராத்திரியில டாக்டரை எழுப்பிக் கேட்பேன். திட்டுவாங்க. எனக்கு அந்த 86 தாள்தான் கண்ணுக்குள்ள நிக்கும்."

எனக்கு ஒரு மனக்குறை இருந்தது. ஆறாம் வகுப்பில் கட்டுரைப் போட்டிக்கு என் பெயரை அவர் கொடுக்கவில்லை. மகளுக்குக் கொடுத்தார் என்று பேச்சு வரக்கூடாதாம். பல ஆண்டு மனத்தில் வைத்திருந்து, எனக்குக் கல்யாணமான பிறகுதான் கேட்டேன். "உன் கட்டுரைதான் நல்லா இருந்துச்சு. அது எனக்குத் தெரியும். பத்தாதா?" என்றார். "பத்தலைப்பா" என்றேன். வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு என் தலையில் கை வைத்தார்.

போன ஆண்டு பக்கவாதம் வந்து வலக்கை விழுந்துவிட்டது. கோடு போட்ட நோட்டு வாங்கி, இடக்கையால் அ, ஆ என்று தொடங்கினார். விடுமுறைக்கு வந்த தம்பி மகளுக்குத் தமிழ் எழுதத் தெரியாது. அவளைக் கட்டிலில் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு பக்கம் நிறைய அவளுக்காக எழுதினார். கோணல்மாணலாக 'யானை' என்று எழுதினார், தும்பிக்கையோடு.

"அப்பா, பழைய எழுத்து" என்றேன்.

குனிந்து பார்த்தார். முகத்தில் ஒரு சிரிப்பு. அதை அடிக்கவில்லை. அதற்குக் கீழே, நீண்ட நேரம் எடுத்துக்கொண்டு, புதிய எழுத்தில் இன்னொரு யானை எழுதினார். பிள்ளை இரண்டையும் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது. அந்தப் பக்கத்தைத் தம்பி கேட்டான். படம் எடுத்துத்தான் அனுப்பினேன். தாளைக் கிழிக்க மனம் வரவில்லை.