புண்ணாக்கு மூட்டையில் இல்லாத சீட்டு

பெருந்துறைப் பக்கம் ஐப்பசி மழை விடாமல் பெய்த வாரத்தில், எங்கள் கட்டுத்தறியில் இருந்த கறவை மாடு தாழியில் வாய் வைத்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. காலையில் ஏழு லிட்டர் கறந்த மாடு இரண்டே நாளில் நான்கு லிட்டருக்கு இறங்கியது. புதிதாக வாங்கிய கடலைப் புண்ணாக்குக் கட்டியை உடைத்துப் பார்த்தேன். மேலே நல்ல பழுப்பு நிறம். உள்வெடிப்பில் மட்டும் மஞ்சள் கலந்த பச்சைத் தூள் படிந்து, மக்கிய வாடை வீசியது. சாக்கில் எடையைத் தவிர வேறொன்றும் எழுதியிருக்கவில்லை. எந்த ஆலையில், எந்த நாளில் ஆட்டியது என்று சொல்லும் சீட்டு தையலில் இல்லை. கடைக்காரரிடம் கேட்டதற்கு, "மழைக்கு இப்படித்தானுங்க இருக்கும், வெயில்ல காயவெச்சுப் போடுங்க" என்றார்.

காயவைத்தால் ஈரம் போகும்; பூஞ்சணம் ஏற்கெனவே விட்டுச்சென்ற அஃப்ளடாக்சின் நஞ்சு போகாது. மாட்டைப் பார்க்க வந்த கால்நடை மருத்துவர்தான், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் உள்ள தீவன ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பச் சொன்னார். ஒரே கட்டியை அனுப்பக் கூடாது, எல்லா மூட்டைகளிலும் மேலும் நடுவிலும் அடியிலும் எடுத்துப் பொடித்துக் கலந்து அனுப்ப வேண்டும் என்றும் அவரே விளக்கினார். இந்த நஞ்சு ஒரு மூலையில் குவிந்தும் இன்னொரு மூலையில் அறவே இல்லாமலும் இருக்கக்கூடியது. மாட்டுக்கான கலப்புத் தீவனத்தில் இந்த நஞ்சின் பி1 என்ற வகை கிலோவுக்கு 20 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வரம்பு. எங்கள் புண்ணாக்கு அந்த வரம்பை வெகுதூரம் தாண்டியிருந்தது.

மாடு தேறிவிட்டது. ஆனால் அந்த நாட்களில் கறந்த பாலைக் காய்ச்சி என் பேத்திக்குக் கொடுத்தோம் என்பதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. மாடு தின்னும் பி1 நஞ்சில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு எம்1 என்ற வடிவத்தில் ஒரு நாளைக்குள் பாலில் இறங்கிவிடுகிறது. காய்ச்சினாலும் அது அழிவதில்லை. நாங்கள் பால் ஊற்றும் சொசைட்டியில் கொழுப்பைப் பார்க்கிறார்கள், இதர சத்தைப் பார்க்கிறார்கள், தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள், இதைப் பார்ப்பதில்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019இல் வெளியிட்ட பால் ஆய்வில், 6,432 மாதிரிகளில் 368இல் எம்1 அளவு வரம்பை மீறியிருந்தது. அவற்றில் 88 மாதிரிகள் தமிழ்நாட்டைச் சேர்ந்தவை. பாலில் கண்டுபிடித்துக் கொட்டுவதைவிடப் புண்ணாக்கு ஆலையிலும் கிடங்கிலும் கண்டுபிடிப்பதே முறை என்று நான் உறுதியாக நம்புகிறேன், ஏனென்றால் ஒரு லாரிப் புண்ணாக்கு எத்தனை கட்டுத்தறிகளுக்குப் பிரிந்துபோகிறது என்பதைப் பின்னால் யாராலும் தேட முடியாது.

சீட்டின் அருமை அங்கேதான் இருக்கிறது. 2020 டிசம்பர் கடைசியிலிருந்து அடுத்த மாதம் வரை அமெரிக்காவில் இதே நஞ்சு கலந்த நாய்த் தீவனத்தால் நூற்றுக்கு மேற்பட்ட நாய்கள் இறந்ததாகப் புகார்கள் வந்தபோது, பையில் அச்சிட்டிருந்த தொகுதி எண்ணையும் தேதியையும் வைத்துத்தான் அந்தப் பைகளைத் திரும்பப் பெற்றார்கள். இழப்பு இழப்புதான், ஆயினும் எந்தப் பையைத் தொடக் கூடாது என்றாவது வளர்ப்பவர்களுக்குத் தெரிந்தது. நாங்கள் வாங்கிய அதே சரக்கில் மூட்டை எடுத்த மற்றவர்கள் யார் என்று கடைக்காரருக்கே தெரியவில்லை.

மீதியிருந்த இரண்டு மூட்டைகளை, நாயும் கோழியும் கிளறாதபடி ஆழக் குழி தோண்டிப் புதைத்தோம். ஆட்டிய தேதியும் தொகுதி எண்ணும் இல்லாத புண்ணாக்கைச் சொசைட்டி மூலம் விற்கக் கூடாது என்றும், மழை மாதங்களில் வரும் ஒவ்வொரு லோடிலும் மாதிரி எடுத்து நாமக்கல்லுக்கு அனுப்ப வேண்டும் என்றும் மனு எழுதி, பால் ஊற்றும் முப்பத்திரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். வரும் கூட்டத்தில் அதைக் கொடுக்கிறேன்.