அம்மம்மாவின் கால் மெசின்

திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் ஒரு விடுதி முற்றத்தில் பழைய தையல் மெசினைப் பூச்சாடித் தாங்கியாக்கி வைத்திருந்ததைப் பார்த்த நாளிலிருந்து எனக்கும் அந்த ஆசை. வீட்டில் அம்மம்மாவின் சிங்கர் கால் மெசின் சும்மாதானே கிடக்கிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"சும்மா கிடக்குதோ? மூண்டு பிள்ளையளை வளர்த்த மெசின். அதை மழைக்குள்ள விடப்போறியோ?" அம்மா அதோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

சரி, துடைத்தாவது வைப்போம் என்று தூசி தட்டியபோதுதான் நம்பர் கண்ணில் பட்டது. எஃப் எழுத்தில் தொடங்குகிறது; அப்படியென்றால் ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங்க் தொழிற்சாலையில் 1910களை ஒட்டிச் செய்தது. அந்தத் தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டுவிட்டது, ஆனால் அங்குள்ள ரயில் நிலையத்துக்கு இன்றும் சிங்கர் என்றுதான் பெயர்! பொபின் கூடுகூட வட்டமாக இல்லை, சின்னத் தோணி மாதிரி நீளமாக இருக்கிறது.

அப்புறம் நான் செய்த மடத்தனம். அழுக்குப் போகட்டும் என்று ஸ்பிரிட்டில் துணியை நனைத்துத் தேய்த்தேன், தங்கநிறப் பூவேலையில் பாதி துணியோடு வந்துவிட்டது. அந்தப் படங்களுக்கு மேல் பூசியிருப்பது அரக்கு மெருகு, ஸ்பிரிட் பட்டால் கரைந்துவிடும், தண்ணீர் நின்றாலும் வெளுத்துப்போகும். மெசின் எண்ணெய் தொட்டு மெதுவாகத் துடைத்திருந்தால் போதும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், நாள்பட்டால் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே தலையும் பலகையும் வீட்டுக்குள்ளேயே. வெளியே வைத்தால் மாரி மழையில் பலகை ஊதி ஏடு ஏடாக உரியும், உப்புக்காற்று ஊசித்தண்டை இறுக்கிவிடும். கால் மட்டும் வார்ப்பிரும்பு என்பதால் முற்றத்துக்கு அனுப்ப அம்மா அரை மனதோடு சம்மதித்தார். கம்பி பிரஷால் துருவைச் சுரண்டி, துருப்பிடிக்காமல் ரெட் ஒக்சைட் பூச்சு இரண்டு தடவை, மேலே கறுப்பு பெயின்ற். வார்ப்பிரும்பு விழுந்தால் வளையாது, உடைந்துவிடும், அதனால் தூக்க இரண்டு பேர் வேண்டும். மிதிபலகை ஆடாமல் கம்பியால் கட்டினேன், பக்கத்து வீட்டுச் சின்னன்கள் ஏறி மிதிக்காமல் இருக்குமா?

மேலே கற்பலகை போட்டு நாலு சட்டி பத்துமணிப்பூ வைத்தேன். எங்கள் வீடு மான்கள் திரியும் கோட்டைக்குக் கிட்ட. மூன்றாம் நாள் விடிய எழும்பிப் பார்த்தால் இரண்டு மான்கள் நின்று ஆறுதலாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. அம்மா யன்னலால் பார்த்துச் சிரித்தார், துரத்தவில்லை.